மழையே பெய்யாத இருபத்து மூன்று நாள்கள்

கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்தபடி, "இது மழைக் கணக்கில் வராது" என்று நாற்பது பேருக்கு முன்னால் வாதாடிய ஆள் இந்தப் பினாங்குத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் கூடப்பிறந்த அக்காவின் நிச்சயதார்த்தத்தில்.

எனக்கு அப்போது வானிலைப் பைத்தியம் முற்றியிருந்த நேரம். (தெளிந்துவிட்டதா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.) பட்டம் வாங்கி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதல் சம்பளத்தில் மற்ற பையன்கள் காலுக்குச் சப்பாத்து வாங்கினார்கள், நான் மழைமானி வாங்கினேன். கோடு போட்ட பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். அதை வீட்டு முன்சுவரில் மாட்டி, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் தொங்கவிட்டு, 'தயவுசெய்து தொடாதீர்கள், ஆராய்ச்சி நடக்கிறது' என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டினேன். பிறகு இணையத்தில் 'ஜார்ஜ் டவுன் வானம்' என்று ஒரு பக்கம் தொடங்கினேன். அதைப் பின்தொடர்ந்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் மழைக்கோட்டு விற்பவர்கள்.

வெயில் அடிப்பது இங்கே செய்தியே இல்லை. ஆனால் மழையில்லாத நாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டினால் அது தொடர், தொடர் நீண்டால் அது சாதனை. ஒவ்வொரு நாள் காலையும் ஷிஃப்ட் முடிந்து, தொழிற்சாலைப் பேருந்தில் வாயைத் திறந்தபடி தூங்கி, வீட்டு வாசலில் இறங்கியதும் முதல் வேலையாக மழைமானியைப் பார்ப்பேன். பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். வாரம் கடந்தும் பூஜ்யம். என் தொடர் இருபது நாளைத் தாண்டியபோது தலைப்பில் மூன்று ஆச்சரியக்குறி போட்டேன்.

'சாலை நனைந்திருக்குமே, அதைப் பார்க்கவில்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீடு பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, நேர் எதிரே இருக்கிறது. மீன்கடைக்காரர்கள் விடியலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் எங்கள் சாலை வருடம் முழுக்க நனைந்தேதான் கிடக்கும். சரி, மற்றவர்கள் சொல்லவில்லையா? சொன்னார்கள். "தம்பி, இன்னைக்கு எங்க கார் பார்க்குல தண்ணி நிக்குதே லா" என்று ஒருவர் என் பக்கத்தில் எழுதினார். 'அது உங்கள் பகுதித் தூறல்' என்று பதில் போட்டேன். கைப்பேசி ரேடாரில் எங்கள் தெருவுக்கு மேலேயே பச்சையும் மஞ்சளுமாகத் திட்டு தெரிந்தது. பறவைக் கூட்டமும் ரேடாரில் விழும் என்று எங்கோ படித்திருந்தேன். ஆகவே பறவைகள் என்று தீர்ப்பளித்தேன்.

இவ்வளவும் போதாதென்று, காலை வெப்பநிலை தினமும் இயல்பைவிடக் குறைவாகவே பதிவானது. மழையே இல்லாமல் எப்படிக் குளிரும்? வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் 'வறண்ட குளிர்: ஓர் அறிமுகம்' என்று நீண்ட கட்டுரை எழுதினேன்.

இந்த நிலையில்தான் கவிதா அக்காவின் நிச்சயம் வந்தது. மாப்பிள்ளை பிரகாஷ், பட்டர்வொர்த்துக்காரர். அக்காவும் அவரும் நான்கு வருடமாகப் பழகியவர்கள். மாப்பிள்ளை வீட்டில் அவருடைய அம்மா மட்டும்தான் இன்னும் முழுமனதாகத் தலையாட்டவில்லை. சகுனம், நேரம், முறை என்று எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிறவர். நிச்சயம் மட்டும் குறையில்லாமல் முடிந்துவிட்டால் போதும் என்று அக்கா ஒவ்வொரு சாமிக்கும் ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தாள். நல்ல நேரம் காலை ஏழு மணிக்கு மேல் எட்டரைக்குள். எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்தால் பதினாறாவது ஆள் ஜன்னலில்தான் உட்கார வேண்டும். அதனால் வீட்டு முன்னால் இருக்கும் காலி இடத்தில் விழா என்று முடிவானது.

"கெமா போட்டுரலாம் லா. மழை கிழை வந்தா?" என்றார் அப்பா. கெமா என்றால் இங்கே விசேஷங்களுக்குப் போடும் கூடாரம்.

நான் மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினேன். மழைக்கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. "அப்பா, வானம் தெரியிற மாதிரி வைங்க. போட்டோ எவ்வளவு அழகா வரும்! மழை வராது. நான் கேரண்டி."

அப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார். வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அம்மாவும் சமையலறை வாசலில் நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நிஜமாவா தம்பி? மழை இல்லையா?" என்றார்.

"ஒரு சொட்டுகூட இல்லம்மா."

"நீ படிச்சவன். சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கெமாக்காரருக்குப் போன் செய்து நானே ரத்து செய்தேன். விழாவன்று லீவு போட்டுவிட்டு, வாசலில் வரவேற்புப் பலகைக்குப் பக்கத்தில் என் பலகை ஒன்றையும் வைத்தேன்: 'ஜார்ஜ் டவுன்: மழையில்லா இருபத்து மூன்றாம் நாள்.' அக்கா அதைப் பார்த்துவிட்டு, "டேய், இது என் நிச்சயமா உன் நிச்சயமா?" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் கடற்பாலம் தாண்டி வந்து இறங்கியபோது மேற்கே வானம் கன்னங்கரேல் என்று இருந்தது. "என்னடா இப்படி இருட்டிக்கிட்டு வருது?" என்றார் அப்பா. "இன்னும் சரியா விடியலப்பா" என்றேன். விடிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

ஏழு தட்டுகளையும் வரிசையாக அடுக்கி, வண்ண அரிசியில் அக்காவின் தோழிகள் போட்ட பெரிய மயில் கோலத்துக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தட்டைக் கையில் எடுத்தார். முதல் சொட்டு அந்தத் தட்டில்தான் விழுந்தது.

"மழை!" என்றார் யாரோ.

"இல்லல்ல, இது சும்மா தூறல். அளவுக்கு வராது, கணக்குல..." என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்து என் பலகையைத் தூக்கிக்கொண்டு பாசார் பக்கம் போனது. சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிற காற்றுமழை அது. அதைப் பற்றியும் நான் கட்டுரை எழுதியிருக்கிறேன் என்பதுதான் கொடுமை. மயில் கரைந்து ஓடியது. பச்சையும் நீலமும் ரோஜா நிறமுமாக ஓடி, மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் ஏறியது. நாற்பது பேரும் சுவரோரம் ஒண்டினார்கள். ஆளாளுக்கு ஒரு தட்டைக் காப்பாற்றினார்கள். நான் மட்டும் மழைமானியைக் காப்பாற்ற ஓடினேன்.

"பத்து மில்லிமீட்டர் ஆயிருச்சு!" என்று கத்தினேன். (சந்தோஷமாகத்தான் கத்தினேன். அக்கா இதை இன்றுவரை மன்னிக்கவில்லை.)

அப்போது அம்மா வந்தார். பட்டுச்சேலை நனைய, இடுப்பில் பழத்தட்டு. என்னைத் தாண்டிப் போகிற போக்கில், முந்தானையால் மழைமானியைப் பிடித்து, கழற்றி, தண்ணீரைத் தரையில் ஊற்றி, அதே கோணத்தில் திரும்ப மாட்டினார். யோசித்துச் செய்த காரியமே இல்லை, கை தானாகச் செய்தது.

நான் காலிக் குழாயைப் பார்த்தேன். "அம்மா... என்ன பண்றீங்க?"

"தண்ணி நிக்கக் கூடாதுடா. கொசு முட்டை போடும். பக்கத்து வீட்டு ஆண்டிக்குப் பூந்தொட்டித் தண்ணிக்கே ஆபீசருங்க வந்து அபராதச் சமன் எழுதிட்டுப் போனாங்க."

"தினமும் ஊத்துறீங்களா?"

"பின்ன? கோலம் போட வர்றப்ப ஊத்திடுவேன். நீ தொடக்கூடாதுன்னு எழுதியிருந்தியே, அதான் துணியால பிடிச்சு ஊத்துவேன்."

"தினமும் தண்ணி இருந்தா மழை பெய்யுதுன்னு எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"நீதானே மழையே இல்லன்னு சொன்ன! அதான் மேல்வீட்டு ஏர்கான் தண்ணின்னு நினைச்சுக்கிட்டேன்."

சுவரோரத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எனக்கும் தினம் விடியக்காத்தால வாசல் தகரத்துல சத்தம் கேட்டுச்சு. ஆனா இவன் கிராஃப் காட்டினானே."

ஆக, நான் குழாயை நம்பினேன், அம்மா என்னை நம்பினார், அப்பா வரைபடத்தை நம்பினார். இருபத்து மூன்று நாள் நனைந்த ஒரு வீட்டில் மழையை நம்ப ஒருவர்கூட இல்லை.

எல்லாரும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்கள். நனைந்த சேலைத் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி அவர் அசையாமல் நின்றார். அக்காவின் கண் மை கன்னத்தில் இறங்கியிருந்தது. மழையா அழுகையா என்று தெரியவில்லை, அளக்கவும் கருவியில்லை. அந்த அம்மா 'சகுனம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்கு வருடக் கனவு மயிலோடு சேர்ந்து சாக்கடைக்குப் போயிருக்கும்.

அவர் மெல்ல மழைமானியிடம் வந்தார். எட்டிப் பார்த்தார். மறுபடியும் ஒரு விரல் தண்ணீர் சேர்ந்திருந்தது.

"சம்பந்தி, இதையும் ஊத்திருங்க" என்றார் அம்மாவிடம். "தம்பி பார்த்துட்டா மழைன்னு நினைச்சுக்கும்."

சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தட்டை மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டு, சுவரில் சாய்ந்து சிரித்தார். அம்மா சிரித்தார். அக்காவும் அழுதுகொண்டே சிரித்தாள். சிரிக்காதவர் அப்பா மட்டும்தான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நேரம் முடியப் போவுது லா!"

எதிரே பாசாரில் காய்கறி விற்கும் சீன ஆண்டி ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "மாசோக்! செப்பாட் லா!" என்று சீக்கிரம் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டு, கங்குங் கீரைக் கட்டுகளை ஒதுக்கி, மேசைமீது நாளிதழ் விரித்துக் கொடுத்தார். நாற்பது பேரும் சாலையைத் தாண்டி ஓடினோம். கத்தரிக்காய்க்கும் முட்டைக்கோசுக்கும் நடுவே, எட்டரைக்குள், தாம்பூலம் மாறியது. மாப்பிள்ளையின் வேட்டி மயில் நிறத்தில் இருந்தது. கிளம்பும்போது அவருடைய அம்மா இரண்டு கிலோ வெண்டைக்காய் பேரம் பேசி வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை என் பக்கத்தில், 'மழையில்லா நாள்கள்: பூஜ்யம்' என்று திருத்தம் போட்டேன். மழைக்கோட்டு விற்பவர்கள் எல்லாரும் இதயக்குறி போட்டிருந்தார்கள்.

கல்யாணம் மண்டபத்தில் நடந்தது. கூரை கான்கிரீட், நான் போய்த் தட்டியே பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டுச் சீர் வரிசையில் பேசியதைவிட இரண்டு தட்டு கூடுதலாக வந்தது. ஒன்றில் கண்ணாடித்தாள் சுற்றிய குடை. தட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பதால் இன்னொன்றில் ஒரு புது மழைமானி, வாயில் கொசுவலை கட்டி, பொட்டு வைத்து.

அதுதான் இப்போது எங்கள் சுவரில் இருக்கிறது. வலை இருந்தும் அம்மாவின் கை சும்மா இருப்பதில்லை. காலையில் பேருந்தில் நான் தூங்கி வழியும்போது சரியாகக் கைப்பேசி அடிக்கும். "பன்னெண்டு காட்டுது. எழுதிக்கோ. ஊத்தவா?"

அக்கா வீட்டிலும் எங்கள் வீட்டிலும் யாராவது எதையாவது அடித்துப் பேசினால், 'நான் பிரியாணியில் கை வைக்கவே இல்லை', 'நான் காரைக் கீறவே இல்லை' என்று சத்தியம் செய்தால், சம்பந்தி அம்மாக்கள் இருவரும் ஒரே குரலில் கேட்கிறார்கள்: "சரி, யாரு ஊத்தினது?"