அண்ணனுக்கு ஒரு பேஸ்பால் டீம்

ஒரு காட்டில் மரங்களைவிடப் போஸ்டர்கள் அதிகம். எந்த மரத்தைப் பார்த்தாலும் ஒரே முகம்தான். ஒரு சேவலின் முகம். பெயர் கனகவேல். ஆனால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்தக் காட்டில் உதை விழும். 'செங்கொண்டைச் சிங்கம்' என்று பட்டத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 'அண்ணன்' என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். சேவலுக்கு எதற்குச் சிங்கப் பட்டம் என்று யாரோ போய் நிஜச் சிங்கத்திடமே கேட்டார்கள். "அதனால எனக்குத்தான் பெருமை" என்றது சிங்கம். அண்ணன் படத்தில் ஒரு சின்ன வேஷமாவது கிடைக்காதா என்று அதற்கும் நப்பாசை. ராஜாவின் லட்சணமே இதுவென்றால் பிரஜைகளைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல?

அண்ணன் படத்தில் நடப்பார். மெதுவாக நடப்பார். புழுதி பறக்கும். நின்று திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான், ஒரு கூட்டம் நரிகள் தானாகவே பல்டி அடித்து விழும். நிஜத்தில் அண்ணனுடைய மேனேஜரே ஒரு நரிதான். அது கண்ணைக் காட்டினால்தான் அண்ணன் கூவுவார். காட்டாவிட்டால் பொழுது விடிந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். இது ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதற்குத்தானே ரசிகன் என்று பெயர்.

தெற்குச் சரிவில் அண்ணனுக்கு ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. அதன் தலைவர் வெள்ளத்துரை என்கிற காட்டெருமை. மன்றத்தின் உயிர்நாடி என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்ட உறுப்பினர் ஒருவர் உண்டு, முத்துக்காளை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது ஒரு முயல். பேச்சி என்று ஒரு மனைவி, கண் திறக்காத குட்டிகள், அப்பன் காலத்தில் தோண்டிய ஒரு வளை. அந்தக் குடும்பத்துக்குச் சொத்து என்று இருந்தது அந்த வளை மட்டும்தான்.

ஒரு நாள் மன்றத்துக்கு இடி மாதிரி ஒரு சேதி வந்தது. அண்ணனுக்குப் போட்டி நடிகர் ஒரு மயில். அந்த மயிலின் ரசிகர்கள் எல்லாரும் பணம் போட்டு மயிலுக்கு ஒரு கபடி டீம் வாங்கிக் கொடுத்துவிட்டார்களாம். வெள்ளத்துரை உடனே கூட்டம் கூட்டியது.

"அவனுங்க டீமே வாங்கிக் கொடுத்துட்டானுங்க. அண்ணனுக்கு நாம என்னடா பண்ணியிருக்கோம்?"

"கட்டவுட்டுக்குப் பால் ஊத்தியிருக்கோம் தலைவரே," என்றது முத்துக்காளை.

"அப்புறம்?"

"மண்சோறு தின்னோம்."

"நீ தினமும் மண்ணுலதானடா தின்கிற."

நாமும் டீம் வாங்க வேண்டும் என்று ஏகமனதாக முடிவானது. கிரிக்கெட் டீம் விலையை விசாரிக்கப் போன அணில் திரும்பி வந்து, அந்த விலைக்குக் காட்டையே வாங்கிவிடலாம் என்றது. மிச்சமிருந்த கபடி டீம்களை யானைகள் வளைத்துப் போட்டிருந்தன. கடைசியில் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கரடியிடம் பேஸ்பால் டீம் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. ஆடுவது எல்லாம் குரங்குகள். நன்றாக ஆடும், ஆனால் பார்க்க ஆள் வராது. யார் தலையில் கட்டலாம் என்று கரடி காத்துக்கொண்டிருந்தது.

"பேஸ்பாலா? அது என்ன ஆட்டம் தலைவரே?" என்றது அணில்.

"கட்டையால பந்தை அடிக்கணும். அடிச்சிட்டு நாலு மூலையும் சுத்தி ஓடி வரணும்."

"எதுக்கு ஓடணும்?"

"அண்ணனுக்காக," என்றது வெள்ளத்துரை. கூட்டத்தில் விசில் பறந்தது. அதற்கு மேல் ஆட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

வசூல் தொடங்கியது. எறும்புகள் மழைக்காலத்துக்கென்று சேர்த்த தானியத்தைக் கொண்டுவந்து கொட்டின. மரங்கொத்தி மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைக் கொடுத்தது. முத்துக்காளையிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதிகமாகக் கொடுப்பவர்கள் அண்ணன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் நரி சொல்லி அனுப்பியிருந்தது. முத்துக்காளைக்கு ராத்தூக்கம் போனது. நேராகப் பெருச்சாளியின் வட்டிக்கடைக்குப் போய் வளையை அடகு வைத்தது.

"முதல் மழைக்குள்ள பணம் வரணும். வரலேன்னா வளை எனக்கு," என்றது பெருச்சாளி.

"அதெல்லாம் வந்துரும் முதலாளி. முதல் ஆட்டத்துல ஜெயிக்கிற டீமுக்குத்தான் டிக்கெட் வசூல் மொத்தமும். அதுல எனக்குப் பங்கு உண்டு."

"ஜெயிக்கலேன்னா?"

"அண்ணன் எந்தப் படத்துல முதலாளி தோத்திருக்காரு?"

பெருச்சாளி உடனே ரசீது எழுதியது. இப்படி ஒரு பதிலைக் கேட்ட பிறகு கடன் கொடுக்காமல் இருக்க அதற்கென்ன பைத்தியமா?

வீட்டில் பேச்சி கேட்டாள். "ஏங்க, மழை வரப் போகுது. புள்ளைங்களுக்கு இன்னும் கண்ணு திறக்கல. இந்த நேரத்துல வளையப் போயா அடகு வெப்பீங்க?"

"அண்ணன் கூட போட்டோ எடுக்கப் போறேன் பேச்சி."

"மழை பெஞ்சா போட்டோவுக்குள்ள போயா படுக்கிறது?"

பொம்பளைக்கு என்ன தெரியும் என்று முத்துக்காளை முனகியது. பேச்சிக்கு எல்லாம் தெரியும். அந்த வீட்டில் அதுதான் பிரச்சினையே.

டீமை வாங்கினார்கள். முதல் வேலையாக பேனர் அடித்தார்கள். பேனரில் யார் முகம் அண்ணனுக்குப் பக்கத்தில் வருவது என்று சண்டை வந்து இரண்டு முள்ளம்பன்றிகள் மருத்துவமனையில் கிடந்தன. பிறகு ஆட்டக்காரர்களுக்குச் சட்டை தைத்தார்கள். முன்னால் அண்ணன் முகம், பின்னாலும் அண்ணன் முகம். அண்ணன் எப்போதும் நம்பர் ஒன் என்பதால் எல்லாச் சட்டையிலும் ஒரே எண்தான், ஒன்று.

டீம் கேப்டன் சடைச்சி என்கிற மந்தி. அவள் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெள்ளத்துரையிடம் வந்தாள்.

"தலைவரே, எல்லாருக்கும் ஒண்ணுன்னு போட்டா நடுவர் யாரை யாருன்னு கண்டுபிடிப்பாரு?"

"எல்லாருமே அண்ணன்னு நினைச்சுக்கட்டும்."

"கையுறை எல்லாம் கிழிஞ்சு கிடக்கு. பந்து வேகமா வரும், வெறுங்கையால பிடிச்சா கை போயிரும். புதுசா வாங்கித் தாங்க."

"அண்ணன் வெறுங்கையால பீரங்கிக் குண்டையே பிடிச்சிருக்காரும்மா. கையுறைக்கு வெச்சிருந்த பணத்துலதான் வெடி வாங்கியிருக்கோம்."

"நீங்க ஒரு ஆட்டமாவது பார்த்திருக்கீங்களா தலைவரே?"

"அண்ணன் படம் எல்லாம் பார்த்திருக்கேன்," என்றது வெள்ளத்துரை. சடைச்சி கும்பிட்டுவிட்டுப் போய் கிழிந்த கையுறையைத் தானே தைக்க உட்கார்ந்தாள். சம்பளம் வாங்கும் ஜீவன், வேறு என்ன செய்வாள்.

ஆட்டத்தன்று மைதானம் நிரம்பி வழிந்தது. எதிர் அணி கீரிகள். நடுவர் ஒரு ஆமை. மைதானத்து ஓரத்தில், ஆட்ட எல்லைக்குள்ளேயே, அண்ணனின் கட்டவுட்டை நிறுத்தியிருந்தார்கள். அங்கே வைக்கக் கூடாது என்று ஆமை சொன்னது. இவர்கள் ஆமையை மயிலின் ஆள் என்று சொல்லிவிட்டார்கள். ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

அண்ணன் வரவில்லை. வருகிறார், வந்துகொண்டிருக்கிறார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் வராததால் ரசிகர்கள் சும்மா இருந்தார்கள். அவர்கள் சும்மா இருந்ததால் குரங்குகள் அருமையாக ஆடின. அடித்தன, ஓடின, கிழிந்த கையுறையோடு பாய்ந்து பாய்ந்து பிடித்தன. கடைசிச் சுற்றில் கீரிகளைவிட ஒரு புள்ளி முன்னால் இருந்தன. இன்னும் ஒரே ஒரு கீரியை வெளியேற்றினால் ஆட்டம் முடிந்தது. வேலிக்கு வெளியே பேச்சி குட்டிகளை அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் ஆட்டம் தெரியாதுதான். ஆனால் வளை திரும்பி வருவதற்கு இன்னும் ஒரு பந்து பிடிபட வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

கடைசிக் கீரி அடித்தது. பந்து மேலே போனது, உயரமாக, சுலபமாக. சடைச்சி அண்ணாந்து பார்த்தபடி கட்டவுட் பக்கம் ஓடினாள். கையை விரித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம் அந்தப் பந்தை.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் கார் வந்து நின்றது.

அவ்வளவுதான். வெடி வெடித்தது. மேளம் முழங்கியது. மன்றம் மொத்தமும் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் குதித்தது. முதல் நாள் முதல் காட்சியில் திரையில் அண்ணன் தலை தெரிந்ததும் என்ன செய்வார்களோ அதையேதான் இங்கேயும் செய்தார்கள். வேறு எதுவும் செய்யத் தெரியாதே. முத்துக்காளை பால் குடத்தைத் தூக்கிக்கொண்டு கட்டவுட்டைப் பார்த்து ஓடியது. நிஜ அண்ணன் பின்னால் காரில் இருந்து இறங்குகிறார், இது மரக்கட்டை அண்ணனுக்குப் பால் ஊற்ற ஓடுகிறது. ரசிகனின் புத்தியைப் பாருங்கள்.

"ஏங்க, ஆட்டம் முடியல. ஓரமா வாங்க," என்று பேச்சி தொண்டை கிழியக் கத்தினாள்.

முத்துக்காளைக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு நொடி திரும்பிக்கூடப் பார்த்தது. பார்த்துவிட்டு ஓடிப் போய் சடைச்சி மேல் முட்டியது. அவள் குப்புற விழுந்தாள். பந்து நேராகப் பால் குடத்துக்குள் விழுந்தது.

"பந்து எங்க? பந்து எங்க?" என்று குரங்குகள் அலைமோதின. முத்துக்காளை குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் கட்டவுட்டின் காலில் கவிழ்த்தது. பாலோடு பந்தும் விழுந்து கூட்டத்தின் காலடியில் எங்கேயோ போனது. அடித்த கீரியும், ஏற்கெனவே பாதி வழியில் நின்ற இன்னொரு கீரியும் அவசரமே இல்லாமல் நாலு மூலையும் சுற்றி வந்தன, ஆளுக்கு ஒரு புள்ளி. சடைச்சி நடுவரிடம் ஓடினாள்.

"உங்க ஆளே உங்களை இடிச்சா அதுக்கு ஆட்டத்தை நிறுத்த முடியாதும்மா. அதுதான் விதி," என்றது ஆமை. கீரிகள் ஜெயித்தன. வசூல் மொத்தமும் கீரிகளுக்குப் போனது.

தோற்றது மன்றத்துக்குத் தெரியவே இல்லை. அவர்கள் அண்ணனின் காரைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் மைதானத்தை ஒரு முறை பார்த்துவிட்டு நரியின் காதில் ஏதோ கேட்டார். இது என்ன ஆட்டம் என்று கேட்டிருக்கிறார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"என் உயிரினும் மேலான உடன்பிறப்புகளே. முதல்ல உங்க பொண்டாட்டி புள்ளைங்களப் பாருங்க. குடும்பத்தைப் பாருங்க. அதுக்கப்புறம்தான் நான்."

கூட்டம் தேம்பித் தேம்பி அழுதது. "என்ன மனசு, என்ன மனசு," என்று வெள்ளத்துரை மூக்கைச் சிந்தியது. எல்லாரையும்விடச் சத்தமாக அழுதது முத்துக்காளைதான். அதன் பொண்டாட்டி பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் நின்றார்கள். அங்கே திரும்பிப் பார்க்க அதற்கு நேரமில்லை, போட்டோவுக்கு வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. வரிசையில் அதன் முறை வந்தபோது அண்ணனுக்கு வேறு வேலை வந்துவிட்டது. கட்டவுட் பக்கத்தில் நின்று எடுத்துக்கொள்ளச் சொன்னது நரி. எடுத்துக்கொண்டது.

அடுத்த வாரமே டீமை நரி கீரிகளுக்கே விற்றுவிட்டது. ரசிகர்கள் அன்பாகக் கொடுத்ததை விற்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் செய்தால் அதில் ஏதோ காரணம் இருக்கும். சடைச்சி தனக்கென்று ஒரு எண் போட்ட புதுச் சட்டையும் புதுக் கையுறையுமாக அந்த வருஷமே கோப்பையைத் தூக்கினாள். அவளாவது நன்றாக இருக்கட்டும்.

மழை வந்தது. பெருச்சாளியும் வந்தது. பேச்சி குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு மழையோடு மழையாகத் தன் அக்காள் வீட்டுப் புதருக்குப் போனாள். முத்துக்காளையும் பின்னாலேயே போனது. "நீங்க எங்க வர்றீங்க? உங்களுக்குத்தான் போட்டோ இருக்கே," என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

முத்துக்காளை பொறுக்க முடியாமல் மேனேஜர் நரியிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லி அழுதது. நரி மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டது. ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டது. முத்துக்காளைக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அடுத்த பொங்கலுக்கு அண்ணன் படம் வந்தது. அதில் அண்ணன் ஒரு ஏழை முயல். சேவல் எப்படி முயலாகும் என்று கேட்காதீர்கள், இரண்டு காது ஒட்டிக்கொண்டால் ஆகிவிடும். கொடுமைக்காரப் பெருச்சாளி ஒன்று ஏழை முயலின் வளையைப் பிடுங்கிக்கொள்கிறது. கொட்டும் மழையில் குடும்பம் தெருவில் நிற்கிறது. அண்ணன் மெதுவாக நடந்து வருகிறார், புழுதி பறக்கிறது, மழையிலும் பறக்கிறது. பெருச்சாளி பல்டி அடித்து விழுகிறது. வளை மீண்டது. படத்துக்குப் பணம் போட்டது யார் என்று கேட்டால் அதே வட்டிக்கடைப் பெருச்சாளிதான். படம் எடுத்த இடமும் முத்துக்காளையின் வளைதான், வாடகை பெருச்சாளிக்கு.

முத்துக்காளை முதல் நாள் முதல் காட்சிக்குப் போனது. டிக்கெட்டுக்கு யாரிடம் கைமாற்று வாங்கியது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் எனக்குத்தான் கோபம் வரும். அண்ணன் வளையை மீட்டுக் குடும்பத்தை உள்ளே அனுப்பிய காட்சியில் அது நாற்காலி மேல் ஏறி நின்று விசில் அடித்தது. கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. "வளை கிடைச்சிருச்சு, வளை கிடைச்சிருச்சு," என்று பக்கத்தில் இருந்த அணிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

படம் முடிந்தது. விளக்கு எரிந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். முத்துக்காளையும் எழுந்து வழக்கமான பாதையில் தெற்குச் சரிவு வரைக்கும் சந்தோஷமாக நடந்துபோய், வளை வாசலில் பெருச்சாளி போட்டிருந்த பூட்டின் முன்னால் நின்றது.

நீதி: வீட்டைக் கொடுத்து டிக்கெட் வாங்கியவனுக்குப் படம் முடிகிறவரைக்கும் வாடகைத் தொல்லை கிடையாது.