புரூஃப் சாரின் அறை

நேற்று மாலை வரை ஒழுங்காக நின்ற சுவருக்கு விடிவதற்குள் அம்மை போட்டிருந்தது. இரண்டு ஜிப்சம் பலகைகள் சேரும் இடத்தில் ஒட்டியிருந்த காகித டேப், தரையிலிருந்து கூரை வரை கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது.

புரூஃப் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுவரோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. புரூஃப் சார் என்றால்தான் தெரியும்.

"மட்டமான டேப்," என்றார்.

காபி கொண்டுவந்த மகள் ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினாள்.

"டேப்புக்கு அடியில பட்டி தடவினீங்களா அப்பா?"

"தடவாம ஒட்டுவாங்களா?"

"உள்ள ஒண்ணுமே இல்லையே. வெறும் பலகைதான் இருக்கு."

"பலகை உறிஞ்சியிருக்கும். பலகையும் மட்டம்."

மகள் காபியை அவர் கையில் கொடுத்தாள். குடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நாளாக அவளுக்கு இப்படி ஒரு பழக்கம் வந்திருந்தது. அம்மாவிடமிருந்து ஒட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த அம்மா, அதாவது அவர் மனைவி, ஒரு மருத்துவமனையில் தலைமை நர்ஸ். வீட்டிலும் வார்டுக் குரல்தான். "சாப்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, செருப்பு எங்க?" என்று மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்பாள்.

அவள்தான் போன மாதம் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்களுக்குன்னு ஒரு ரூம் வேணுங்க. ஹால்ல ஜன்னல் பக்கத்தைத் தடுத்துடலாம்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்கக் காத்திருந்த வாக்கியம் அது. சாப்பாட்டு மேஜையில் ஒரு மூலை, கட்டிலில் ஒரு ஓரம் என்று ஒண்டிக்கொண்டே பிழை திருத்தியவர். அச்சகத்தின் புது முதலாளி ஒரு வருஷமாக எந்த நூலையும் அனுப்புவதில்லை. கடைசியாகப் பார்த்த புத்தகத்தில் ஒரு பக்கம் இரண்டு முறை அச்சாகிவிட்டதாம், அதற்கு இவரைச் சொன்னார்கள். தனி அறை வந்துவிட்டால் அந்த ஆளுக்கே ஒரு கடிதம் எழுதி, வேலையைத் திரும்ப வாங்கிவிடலாம்.

தடுப்புக்காரர்கள் ஒரே நாளில் தகரச் சட்டம் நட்டு, பலகைகளைத் திருகி, கதவுக்கு இடம் விட்டுவிட்டுப் போனார்கள். மீதியைப் பெயின்டர் பார்ப்பார் என்றாள் மனைவி.

"பெயின்டரா? அடுத்தவன் தப்பைத் திருத்தியே தலை நரைச்சவன் நான். ஒரு சுவரைத் திருத்தத் தெரியாதா?"

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, செய்யுங்க. கைக்கும் ஒரு வேலை," என்றாள் மனைவி.

அந்த வேலைக்குத்தான் இப்போது அம்மை போட்டிருந்தது.

அவர் டேப்பைப் பிடித்து இழுத்தார். டேப்போடு பலகையின் தோலும் உரிந்துகொண்டு வந்தது. உரிந்த பள்ளத்தில் பட்டி மாவைக் குழைத்து அப்பினார். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று மெல்லிய பூச்சு, நடுநடுவே ஒரு நாள் காய வேண்டும் என்று பையிலேயே அச்சடித்திருந்தது. அந்த வரியில் ஓர் ஒற்றுப் பிழை இருந்ததால் அவர் அதை நம்பவில்லை. மூன்றையும் ஒரே பூச்சாக முடித்தார்.

மறுநாள் அது வறண்ட ஏரிபோல வெடித்தது. விரிசலுக்குள் மகள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா சரியாயிடும்," என்றார்.

தேய்த்தார். தூசி பக்கத்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று எல்லா ஜன்னல்களையும் அடைத்துவிட்டுத் தேய்த்தார். அரைமணி நேரத்தில் சோபா எது, சுவர் எது என்று தெரியவில்லை. உள்ளறையில் கணினி முன்னால் உட்கார்ந்து அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த மகளிடம், "உங்க ஊர்ல பனி விழுதா?" என்று மேலாளர் கேட்டாராம்.

அவள் தலையைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"இதே ஜாயிண்டைத்தானே காலையிலயும் தேய்ச்சீங்க?"

"காலையில தேய்ச்சது அந்தப் பக்கம்."

"இல்லப்பா. இதேதான். பட்டி உதிர்ந்து மறுபடி பலகையே தெரியுது பாருங்க."

"நீ ரூமுக்குள்ள இருந்தே. உனக்கு எப்படித் தெரியும்?"

வாதத்தில் ஜெயித்த திருப்தியுடன் அவர் மறுபடி டேப் ஒட்டினார். இந்த முறை அடியில் பட்டி தடவினார். தடவுவதை மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள்; அவளுக்கு ஆபீஸில் வேலையே இல்லை போலும்.

அடுத்தது, பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பிரைமர். வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு தெரு. பிரைமர், பிரைமர் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. உள்ளே நுழைந்து வாயைத் திறந்தால் வார்த்தையைக் காணவில்லை. நாக்கு நுனி வரை வந்துவிட்டு, எதையோ வீட்டில் வைத்துவிட்டு வந்ததுபோலத் திரும்பிப் போய்விட்டது.

"அதான்ப்பா. வெள்ளையா இருக்குமே. சுவருக்குப் பூசுறது."

"பட்டியா சார்?" என்றார் பெயின்ட் கடைக்காரர்.

"அதேதான்."

"புரூஃப் சார், செவ்வாய்க்கிழமைதானே ஒரு பை வாங்கினீங்க? அதுக்கு முந்தி ரெண்டு பை."

புரூஃப் சாருக்குச் சுருக்கென்றது.

"என் சுவர் எவ்வளவு குடிக்கும்னு உனக்குத் தெரியுமா? கேட்டதைக் குடு."

கடைக்காரர் பையை எடுத்து வைத்தார். இவர் படியிறங்கியதும் யாருக்கோ போன் போட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் முனையில் புரூஃப் சார் பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். நாலு பக்கமும் தெரு இருந்தது. நாலும் நல்ல தெருக்கள்தான். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் ஸ்கூட்டரில் வந்து நின்றாள்.

"ஏறுங்கப்பா. இந்தப் பக்கமா ஒரு வேலையா வந்தேன்."

"முனையில இருந்த மரத்தை வெட்டிட்டாங்க பாத்தியா? அடையாளமே தெரியாமப் பண்ணிட்டாங்க."

"எந்த மரம்?"

"அதான், மரம்."

அவள் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். ஹாலில் ஏற்கெனவே பிரிக்காமல் இருந்த இரண்டு பட்டிப் பைகளுக்கு மேல் மூன்றாவதை வைத்தபோது, 'கடைக்காரன் நல்லாத்தான் தலையில கட்டுறான்' என்று அவரே நொந்துகொண்டார்.

பிரைமரை அன்று மாலை மனைவி வாங்கி வந்தாள். மறுநாள் அவர் சுவருக்குப் பெயின்ட் அடித்தார். இளம்பச்சை, அவரே தேர்ந்தெடுத்த நிறம். காயக் காய, பலகை இருந்த இடம் ஒரு பச்சையாகவும் பட்டி பூசிய இடம் வேறு பச்சையாகவும் பிரிந்தன. பூச்சுக்கு அடியில் ஒளிந்திருந்த ஜாயிண்டுகள் எல்லாம் பட்டை பட்டையாக வெளியே வந்து நின்றன. திருகாணி இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு வட்டம். வரிக்குதிரைக்குச் சிறுத்தைப் புள்ளியும் விழுந்ததுபோல இருந்தது.

"பிரைமர் அடிக்கலையா?" என்றாள் மனைவி, கைப்பையைக்கூடக் கழற்றாமல்.

"ஒரு முழு டப்பா அடிச்சேன். காலி பண்ணிட்டேன்."

"டப்பா எங்க?"

"தூக்கிப் போட்டாச்சு."

அந்த டப்பா மூடி திறக்காமல், படுக்கை விரிப்புகள் வைக்கும் அலமாரியில், இரண்டு தலையணை உறைகளுக்கு நடுவில் இருந்தது. இரவு விரிப்பு மாற்றும்போது மனைவி கண்டுபிடித்தாள். ஹாலுக்கு எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். சத்தம் போடவில்லை.

புரூஃப் சார்தான் போட்டார்.

"இதை யாரு அங்க கொண்டுபோய் ஒளிச்சு வெச்சது? நான் ஒரு வேலை உருப்படியா செஞ்சுடக் கூடாது. வீட்டுல ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு..."

"அப்பா, யாரும்..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"விடு," என்றாள் அம்மா. அவரிடம் திரும்பி, "நான்தாங்க வெச்சேன். அவசரத்துல கைமறதியா வெச்சுட்டேன். தப்புதான்."

"பாத்தியா?" என்று மகளிடம் சொன்னார். "ஒத்துக்கிட்டா. தப்புன்னா ஒத்துக்கணும். அது ஒரு குணம்."

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோல்வியைத் தாங்கத் தெரியவில்லை.

பெயின்ட்டுக்கு மேலேயே பிரைமர் அடித்து, அதற்கு மேல் மறுபடி இளம்பச்சை அடித்தார். பட்டைகள் மறைந்தன. அன்று முழுக்க சீட்டியடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் சுவரைப் பார்த்துவிட்டு உரக்கக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க. யாரு செஞ்ச வேலை இது?"

பச்சைக்கு உள்ளிருந்து சிவப்பு கசிந்து வந்திருந்தது. சிறிதும் பெரிதுமாக நாற்பது ஐம்பது வட்டங்கள். சில வட்டங்களிலிருந்து வால்போல ஒரு கோடு நீண்டு, ஓரத்தில் ஒரு சுழியில் முடிந்தது. பட்டி பூசிய இடங்களில் பள்ளம் மேடு கண்டு, பிரைமர் அடிப்பதற்கு முன்பே யாரோ சிவப்பு மைப் பேனாவால் குறித்திருந்தார்கள். அடித்த பெயின்ட்டை ஊடுருவிக்கொண்டு மை மேலே ஏறிவிட்டது.

"சுவர்ல யாரு கிறுக்கினது?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரூஃப் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டப் போய்ப் பார்த்தார். அவருடைய கோபம் கொஞ்சம் தணிந்தது.

"ஆனா ஒண்ணு. யாரோ தொழில் தெரிஞ்ச ஆள். இது நீக்கணும்கிற குறி. இது சேர்க்கணும்கிற குறி. சுழியைப் பாரு, எவ்வளவு சுத்தமாப் போட்டிருக்கான்." ஒரு வட்டத்தை விரலால் தொட்டார். "எந்த அச்சகத்துல வேலை பாத்தானோ."

மகள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

மனைவி அன்றே மருத்துவமனைக்குப் போன் போட்டு மூன்று நாள் லீவு சொன்னாள். மையை மேலே விடாமல் அடக்கும் தனி பிரைமர் ஒன்று உண்டு என்று கடைக்காரர் கொடுத்தனுப்பினார். மூன்று நாளும் அவள் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வார்டுல உன்னைத் தேட மாட்டாங்களா?"

"தேடட்டும். இப்ப ஈரத்துணியால துடைங்க. மேல இருந்து கீழ."

"தெரியும்."

"துடைச்சாச்சு. இப்ப டப்பாவைக் கலக்குங்க. தட்டுல கொஞ்சமா ஊத்துங்க. ரோலரை முக்குங்க. இல்லைங்க, அது காபி டம்ளர். இது ரோலர்."

"தெரியும்னேன்ல. விளையாட்டுக்கு எடுத்தேன்."

"சரி. இப்ப அடிங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். அவள் அடுத்ததைச் சொன்னாள். காய வேண்டிய நேரத்தில் அவரை வேறெங்கும் போகவிடாமல் பேச்சுக் கொடுத்தாள். பெண் பார்க்க வந்த அன்று, கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைத் தானே எழுதி வந்து, அவளிடம் பிழை இருக்கிறதா பார் என்று கொடுத்த கதையை அவரே சொன்னார். மூன்று நாளில் நாலு முறை சொன்னார். நாலு முறையும் அவள் அப்போதுதான் கேட்பதுபோலச் சிரித்தாள். இவ்வளவு நல்ல ரசிகையை இத்தனை வருஷம் வார்டில் விட்டுவைத்தோமே என்று அவருக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் மாலை சுவர் முடிந்தது. பட்டை இல்லை, கொப்புளம் இல்லை, சிவப்பு இல்லை. ஜன்னல் வழியாக வந்த சாய்ந்த வெயிலில் தாள் மாதிரி ஒரே சமமாக இருந்தது. புரூஃப் சார் ஒரு சாண் விடாமல் கண்ணால் வாசித்தார்.

"ஒரு பிழை சொல்லு பாப்போம்," என்றார்.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெயின்ட் நெடி அப்படித்தான் எரியும்," என்று அவர் ஆறுதல் சொன்னார். "நாளைக்கு மேஜையை உள்ள போட்டுடலாம். ஜன்னலைப் பாத்த மாதிரி."

மறுநாள் காலையில் கதவு மாட்டுகிற தச்சர் வந்தார். நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். மனைவி அவரிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, வாசலில் வைத்துத் தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு வேலைக்குப் புறப்பட்டாள். மகள் உள்ளறையில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள்.

புரூஃப் சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். கீல் சரியாக இருந்தது. கதவு உரசாமல் சாத்தியது. ஒரு மாதமாக எல்லாரும் அவர் வேலையில்தான் குற்றம் கண்டுபிடித்தார்கள். இன்று அவருக்கு ஒன்று அகப்படாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அகப்பட்டது. தச்சர் தாழ்ப்பாளை எடுத்து, ஹால் பக்கமாகக் கதவின் உச்சியில் வைத்துத் துளை போடக் குறித்தார்.

"நில்லுப்பா, நில்லு," என்று எழுந்தார் புரூஃப் சார். அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது. "நல்லவேளை நான் பாத்தேன். தாழ்ப்பாளைத் தப்பான பக்கம் வைக்கிறே. உள்ள உக்காந்து வேலை பாக்குறவனுக்கு உள்பக்கம்தானே தாழ்ப்பாள் வேணும்?"

தச்சர் பையிலிருந்து சீட்டை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தப்பு இல்ல சார். உள்ள இருக்கிறவருக்குக் கை எட்டாத மாதிரி, வெளியில வைக்கணும்னுதான் உங்க வீட்டம்மா எழுதிக் குடுத்திருக்காங்க."