ஏழாம் இடத்துச் சனி

ஒரு விஷயத்தை அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். முழுவதும் தெரிந்தவர்கள் யோசித்துப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் அப்போது இல்லை. (இப்போது இருக்கிறதா என்று என் மனைவியைக் கேட்காதீர்கள்.)

இருபது வருடங்களுக்கு முன், மோர்டனில் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் வேலை. எப்படியாவது அதிலிருந்து கழன்றுவிட வேண்டும் என்று தவித்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நகரின் நடுவே ஒரு சிறு நூலகம், ஐரோப்பாவின் பழைய சோதிடம், இரசவாதம், மந்திரம் பற்றிய கையெழுத்துப் பிரதிகளைக் காட்சிக்கு வைக்கிறதாம். வருபவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆள் தேவை.

எனக்குப் பெண் பார்த்த காலத்தில் பொருந்தாமல் போன சாதகங்களைப் புரட்டிப் புரட்டியே நான் அரைச் சாத்திரி ஆகியிருந்தேன். மூன்று புத்தகங்கள் இரவல் வாங்கினேன். வெள்ளைக்காரனும் ஒரு காலத்தில் எங்களைப்போலச் சதுரக் கட்டம் போட்டுத்தான் குறிப்பு எழுதினான் என்று அறிந்தபோது, தூரத்துச் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி இருந்தது.

"இது கிடைக்காட்டி திரும்பவும் பெற்றோல் ஸ்டேசன்தான், என்ன?" என்றாள் மனைவி வதனி, என் டையைச் சரிசெய்தபடி.

"எனக்குத் தெரியாத கட்டமோ?" என்றுவிட்டுக் கிளம்பினேன்.

நேர்முகத்தில், பிரதிகளுக்குப் பொறுப்பான ஆங்கிலேய அம்மையார் ஒரு பழைய தாளை மேசையில் விரித்தார். "நான் பார்வையாளர் என்று நினைத்து இதை விளக்குங்கள்."

சதுரக் கட்டம், உள்ளே கோள்களின் குறிகள், கீழே கோழி கிளறிய மாதிரி நான்கு வரிகள். வரிகள் விளங்கவில்லை. கட்டம் விளங்குகிறதே, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஏழாம் இடத்தில் சனி, ஆகவே முதல் கலியாணம் நிலைக்காது, இரண்டாவது நிலைக்கும் என்றேன். கடல் கடந்த பயணம் உண்டு என்றேன். தாயிடம் பாசம், நாற்பதுக்குப் பிறகு வீடு வாசல். அம்மையார் ஒரு சொல் விடாமல் எழுதினார். வேலை கிடைத்த மாதிரித்தான் என்று நினைத்து, வயிற்றுக் கோளாறையும் சேர்த்துவிட்டேன்.

அவர் பேனாவை மூடினார். "கீழே உள்ளதை வாசித்தீர்களா?"

"கொஞ்சம் மங்கலாக இருக்கிறது."

அவரே வாசித்தார். ஒரு விவசாயி தன் சிவப்பு மாட்டைக் காணவில்லை என்று சோதிடரிடம் வந்திருக்கிறார். அவர் வந்து கேட்ட நேரத்துக்குப் போட்ட கட்டம் அது. போதாக்குறைக்கு, அவர்களுக்கு முதலாம் இடம் இடப்பக்க நடுவில், எண்ணுவதும் இடஞ்சுழியாகவாம்; நான் மேலே இருந்து எங்கள் வழக்கப்படி வலஞ்சுழியாக எண்ணியிருந்தேன். சனி ஏழாம் இடத்திலேயே இல்லை. (மூன்று புத்தகங்களிலும் இது இருந்தது. நான் படம் மட்டும் பார்த்த பக்கங்கள்.)

காது இரண்டும் சுட்டன. எங்கள் ஊரிலும் பொருள் தொலைந்தால் சாத்திரியார் கேட்ட நேரத்துக்குத்தானே கட்டம் போடுவார். தெரிந்த விஷயத்திலேயே விழுந்திருந்தேன். ஆனாலும் எழும்பிப் போக மனம் வரவில்லை.

"மாடு கிடைத்ததா?" என்று கேட்டேன்.

"கிழக்கே தேடு என்று சோதிடர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை."

"அடுத்த பக்கத்தில்?"

அவர் முதன்முறையாகச் சிரித்தார். "நானும் பல வருடங்களாகத் தேடுகிறேன்."

வேலை வரலாறு படித்த ஒரு பெண்ணுக்குப் போனது. எனக்கு ஒரு வாசகர் அட்டை கிடைத்தது. லீவு நாட்களில் இன்றும் போகிறேன். தொலைந்த மோதிரம், ஓடிப்போன கணவன், வந்து சேராத கப்பல் என்று அந்தக் காலத்துச் சனம் கேட்காத கேள்வி இல்லை. மாடு மட்டும் அகப்படவில்லை.

அன்று வதனி முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அப்ப மாட்டின்ர முதல் மாப்பிள்ளை என்ன பிழை விட்டவர்?" என்றாள். பிறகு நான் பெற்றோல் ஸ்டேசனுக்குத் திரும்பியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

போன மாதம் மகளுக்கு வெம்பிளியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் குறிப்பை விரித்துக் கண்ணாடியைப் போட்டேன். வதனி அகப்பையோடு குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"முதல் அது மனுசன்ர குறிப்போ எண்டு பாருங்கோ."

நானும் கீழே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன்.