முப்பத்தேழு சிவப்புக் கோடும் பானை பிடிக்கிற பூனையும்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். மத்தியானம் மூணு மணிக்கு நான் செஞ்ச கேமை டீச்சர்கிட்ட காட்டணும்.

கேம் ஏற்கெனவே முடிஞ்சாச்சு. பானைக்குப் பேர்போன ஆயர் ஈத்தாம் ஊர்லேர்ந்து பானை ஏத்திட்டுப் போற லாரியிலிருந்து பானை ஒவ்வொண்ணா விழும். கீழ ஒரு பூனை நின்னு பிடிக்கணும். பூனை எதுக்குன்னு கேக்காதீங்க, அது என் மக யாழினியோட ஐடியா. அவளுக்கு ஆறு வயசு. அவ சொன்னா பூனைதான்.

எங்க ஊர் தெப்ராவ் பக்கம் அம்மாமார்களுக்குன்னு ஒரு வகுப்பு நடந்துச்சு. கேம் செய்யிற என்ஜின், கோடிங் எழுதுற எடிட்டர், ரெண்டையும் சொல்லிக் குடுத்தாங்க. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிச்ச எனக்கு என்ஜின்னா லாரி என்ஜின்தான் தெரியும். ஆனாலும் போனேன். ஏன்னா, நல்லா செய்யிற ஒருத்தருக்கு வீட்டிலிருந்தே பார்க்குற வேலை தருவோம்னு சொல்லியிருந்தாங்க. அது கிடைக்கலன்னா அடுத்த மாசத்திலிருந்து நான் பழையபடி செனாய் ஊர்ல இருக்கிற பேக்டரிக்குப் போகணும். விடியக்காலை பஸ், ஷிப்ட் வேலை. யாழினியைப் பள்ளியிலிருந்து கூட்டிட்டு வர வீட்டுல வேற ஆள் கிடையாது.

டீச்சர் பேரு பவித்ரா. என்னைவிட ஆறு வயசு சின்னவங்க, என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. டீச்சர்னா டீச்சர்தானே, நான் மரியாதையாத்தான் பேசுவேன். அவங்க வச்ச பரீட்சை ரொம்ப சிம்பிள். வீடியோ கால்ல கேமை ஓட்டிக் காட்டணும். அப்புறம் அவங்க சொல்ற ஒரு சின்ன மாத்தத்தை அவங்க கண்ணு முன்னாடியே கோடிங்ல செய்யணும்.

இங்கதான் நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன்.

அந்த கேமோட ஃபோல்டரைத் திறந்தா உள்ள ஒரே குப்பை. நான் செஞ்சதும் இருக்கு, நான் செய்யாததும் இருக்கு. பேர் தெரியாத பைல் நூறு கிடக்கு. டீச்சர் பாத்தா என்ன நெனைப்பாங்க? நம்ம வீட்டுக்கு ஆள் வந்தா என்ன செய்வோம்? துணிமூட்டை, உடைஞ்ச ஃபேன், பழைய மெத்தை எல்லாத்தையும் பின் ரூமுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டு ஹாலை மட்டும் காட்டுவோம். அதையே செஞ்சேன். நான் எழுதின கோடிங் பைலை மட்டும் காப்பி எடுத்து, கம்ப்யூட்டர் முகப்புல புது ஃபோல்டர் போட்டு, அதுக்கு ‘விருந்தாளி’ன்னு பேரு வச்சேன். பாக்கவே பளிச்சுன்னு இருந்துச்சு.

சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு, ஒரு தடவை ஒத்திகை பாத்துக்கலாம்னு விருந்தாளி ஃபோல்டரை எடிட்டர்ல திறந்தேன்.

பக்கம் பூரா சிவப்புக் கோடு. தப்பு இருந்தா எடிட்டர் போடுற கோடு அது.

எண்ணிப் பாத்தேன், முப்பத்தேழு. ஸ்கோர் காட்டுற பேக்கேஜா, அதாவது ரெடிமேடா கிடைக்கிற கோடிங் மூட்டையா, தெரியாதுங்குது. பட்டனைத் தட்டினா பூனையை நகர்த்துற பேக்கேஜா, கேள்விப்பட்டதே இல்லங்குது. நேத்து வரைக்கும் ஒண்ணா இருந்தவங்க!

அலாமாக், ஐயையோன்னு என்ஜின்ல கேமை ஓட்டிப் பாத்தேன். அது சாதாரணமா ஓடுது. பூனை பிடிக்குது, ஸ்கோர் ஏறுது. ஒரு குறையும் இல்ல. அதாவது என்ஜின், எல்லாரும் நம்ம ஆளுங்கதான்னு சொல்லுது. எடிட்டர், இவங்க முகத்தையே நான் பாத்ததில்லன்னு சொல்லுது. கல்யாண வீட்டுல சம்பந்தி சண்டை வந்த மாதிரி நடுவுல நான்.

எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் சிங்கப்பூர்ல மெஷின் டெக்னிஷியன். சனிக்கிழமையும் சிங்கப்பூர் போற எல்லைப் பாலத்துல பைக் வரிசையில நின்னுட்டிருந்தார். நான் கால் மணி நேரம் விளக்கினதைப் பொறுமையா கேட்டுட்டு, எல்லா மெஷினுக்கும் சொல்ற வைத்தியத்தையே சொன்னார்.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு லா.”

பண்ணேன். முப்பத்தேழு முப்பத்தேழாவே இருந்துச்சு.

அப்புறம் இன்டர்நெட்ல தேடினேன். ஒருத்தர், என்ஜின் செட்டிங்ல ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கினா எடிட்டருக்கு வேண்டிய தகவலை எல்லாம் அது புதுசா எழுதிக் குடுத்துடும்னு போட்டிருந்தார். அமுக்கினேன். ஒண்ணும் ஆகல. சரியா அமுக்கலையோன்னு இன்னும் பத்து தடவை அமுக்கினேன். லிஃப்ட் வரலன்னா அமுக்குற மாதிரி.

இன்னொருத்தர் எடிட்டர்ல ஏதோ துணைக்கருவி போடச் சொன்னார், போட்டேன். வேறொருத்தர் பேக்கேஜை அப்டேட் பண்ணச் சொன்னார், பண்ணேன். இன்னும் ஒருத்தர் லைப்ரரிங்கிற ஃபோல்டரை அழிச்சிடுங்க, அது தானா திரும்ப வந்துடும், பயப்படாதீங்கன்னு எழுதியிருந்தார். முன்னப்பின்ன தெரியாதவர் அவ்வளவு அக்கறையா சொல்றாரேன்னு அழிச்சிட்டேன்.

அது தானா வந்துச்சு, உண்மைதான். வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்னு அவர் சொல்லல. ஸ்க்ரீன்ல ஒரு பட்டை, நத்தை மாதிரி ஊருது. நான் அதையே பாத்துட்டு நிக்கிறேன், அடுப்புல கருவாட்டுச் சம்பலை வச்சதை மறந்துட்டு.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காக் ஸாஹ் குரல் வந்துச்சு. அவங்க எங்க பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா.

“டிக், ஆப்பா ஹாங்குஸ் து?”

என்ன தீயுது தங்கச்சின்னு கேக்குறாங்க. என் வாழ்க்கைதான்னு சொல்ல வாய் வந்துச்சு, சம்பல்னு சொல்லிட்டு ஓடினேன். சட்டியைத் தண்ணியில போட்டு, யாழினிக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தேன்.

ரெண்டு மணிக்கு என்ஜின் திரும்ப எழுந்துச்சு. ஓடவும் செஞ்சுச்சு. எடிட்டரைப் பாத்தேன். முப்பத்தேழு.

இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. இந்த லட்சணத்துல டீச்சர்கிட்ட எப்படிக் காட்டுறது? எங்க பள்ளிக்கூடத்துல வாத்தியார் சிவப்பு மையில கோடு போட்டா அந்த வரி தப்புன்னு அர்த்தம். அந்த வரியை அடிச்சிட்டுத் திரும்ப நோட்டைக் கொண்டுபோய் நீட்டணும். சிவப்பு இல்லன்னாத்தான் வெளிய விளையாட விடுவார். அந்தப் பழக்கம் கையிலேயே இருக்கு போல.

முதல் சிவப்பு வரியை அழிச்சேன். ஸ்கோர் பேக்கேஜைக் கூப்பிடுற வரி அது. உடனே கீழ ரெண்டு வரி கூடுதலா சிவந்துச்சு. அதையும் அழிச்சேன். பூனையை நகர்த்துற வரியும் சிவப்பு, போ. பானை விழுற வரி, நீயும் போ. ஒரு கட்டத்துல எனக்கு வெறியே வந்துடுச்சு. ரெண்டே முக்காலுக்கு நிமிர்ந்து பாத்தா ஒரு சிவப்பும் இல்ல.

ஸ்க்ரீன்ல ரெண்டு அடைப்புக்குறி மட்டும் இருந்துச்சு. ஒண்ணு திறக்குது, ஒண்ணு மூடுது. அவ்வளவு சுத்தம்!

பின்னாடி வந்து நின்ன யாழினி எட்டிப் பாத்தா.

“அம்மா, பூனை எங்கம்மா?”

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. ரெண்டு மாசமா எழுதினதை முக்கால் மணி நேரத்துல வழிச்சுத் துடைச்சிருக்கேன். செனாய் பஸ் வாசல்ல வந்து ஹாரன் அடிக்கிற மாதிரியே இருந்துச்சு. என்ஜின்ல ஓட்டுற பட்டனை அமுக்கினேன்.

லாரி வந்துச்சு. பானை விழுந்துச்சு. பூனை பிடிச்சுச்சு. ஸ்கோர் ஒண்ணு.

அரிசியே போடாம குக்கர் விசில் அடிச்சா எப்படி இருக்கும்? அப்படி நின்னேன். யாழினி மட்டும், பூனை இருக்குதேம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டா.

யோசிக்கிறதுக்குள்ள மூணு மணி. டீச்சர் கால் வந்துடுச்சு. நான் கேமை ஓட்டிக் காட்டினேன். பவித்ரா ரசிச்சுச் சிரிச்சாங்க, பூனை அழகுன்னாங்க. அப்புறம் அந்தக் குண்டைப் போட்டாங்க.

“சரிங்கக்கா, ஒரு பானை பிடிச்சா பத்து மார்க் வர்ற மாதிரி மாத்துங்க, பாப்போம்.”

எடிட்டரைக் காட்டினேன். ரெண்டு அடைப்புக்குறி.

பவித்ரா கேமராகிட்ட முகத்தைக் கொண்டுவந்து பாத்தாங்க.

“அக்கா… கோடிங் எங்க?”

“சிவப்பா இருந்துச்சு டீச்சர். எடுத்துட்டேன்.”

பொய் சொல்லிப் பழக்கமில்ல. காலையிலிருந்து நடந்ததை, கருவாடு உட்பட, ஒண்ணு விடாம சொன்னேன். அவங்க அந்த பைல் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு கேட்டாங்க. விருந்தாளின்னேன். எதுக்கு அந்தப் பேருன்னு கேட்டாங்க. பின் ரூம் கதையையும் சொல்ல வேண்டியதாப் போச்சு.

பவித்ரா கேமராவை அணைச்சுட்டாங்க. கோவம்னு நெனச்சேன். மைக்கை அணைக்க மறந்துட்டதால சிரிக்கிறது கேட்டுச்சு.

திரும்ப வந்தப்போ கண்ணைத் துடைச்சிட்டே விளக்கினாங்க. எந்தெந்த பேக்கேஜ் நம்ம ஆளுன்னு எடிட்டர் தெரிஞ்சுக்கிறதே, நான் குப்பைன்னு ஒதுக்கின அந்த பைல்களைப் பாத்துத்தானாம். கோடிங்கை மட்டும் தனியா தூக்கிட்டு வந்து வச்சா அதுக்கு யாரையும் தெரியாது.

“உங்க ஹஸ்பெண்ட் பாஸ்போர்ட்டை வீட்டுல வச்சிட்டு இமிக்ரேஷன்ல போய் நின்னா விடுவாங்களாக்கா? அதுதான் இது.”

என்ஜின் பாத்ததெல்லாம் பழைய இடத்துல இருந்த அசல் பைலை. நான் நாள் பூரா திருத்தினது, அழிச்சது எல்லாமே காப்பியை. அதான் என்ன வைத்தியம் பண்ணியும் சிவப்பு போகல, எவ்வளவு நாசம் பண்ணியும் பூனை சாகல.

டீச்சர் சொன்னபடி, என்ஜினுக்குள்ள இருந்தே அந்த பைலை ரெண்டு தடவை தட்டித் திறந்தேன். வகுப்புல எப்பவும் அப்படித்தான் திறப்போம், ஏன்னுதான் தெரியாம இருந்துச்சு. மொத்தக் குப்பையும் இடது பக்கம் வரிசையா வந்து நின்னுச்சு. என் கோடிங் முழுசா இருந்துச்சு. ஒரு சிவப்பு இல்ல. ஒண்ணை அழிச்சுப் பத்துன்னு போட்டு ஓட்டினேன். பூனை பானையைப் பிடிச்சதும் ஸ்கோர் பத்து. யாழினி ஓடி வந்து கை தட்டினா. நானும் தட்டினேன், டீச்சர் பாக்குறாங்கன்னுகூட யோசிக்கல.

சரி, தோத்துட்டோம், காட்டின வரைக்கும் சந்தோஷம்னு நன்றி சொல்லி மூடப் போனேன். பவித்ரா இருங்கக்கான்னாங்க. வீட்டிலிருந்தே பார்க்குற அந்த வேலை, கேம் செய்யிற வேலை இல்லையாம். புதுசா சேர்றவங்க மாட்டிக்கிட்டு முழிக்கிறப்போ போன்ல பேசிச் சரிபண்ணி விடுற வேலையாம்.

“மத்தவங்க ஒரு தப்புதான் பண்ணாங்க. நீங்க ஒரே நாள்ல எல்லாத் தப்பையும் பண்ணி முடிச்சிட்டீங்க. உங்களுக்குத் தெரியாத சிக்கல் இனிமே யாருக்கும் வராது. திங்கட்கிழமை ஆரம்பிக்கலாமா?”

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணதாலதானே சரியாச்சுன்னு கேட்டார். ஆமாங்கன்னு சொல்லிட்டேன். பாலத்துல நின்னு வந்த மனுஷன்.

திங்கட்கிழமை முதல் போன் வந்துச்சு. மூவார் டவுன்லேர்ந்து ஒரு அம்மா, அழுற குரல்ல, பக்கம் பூரா சிவப்புக் கோடுன்னாங்க. நான் முதல்ல கேட்டது, அக்கா, அடுப்புல ஏதாவது இருக்கான்னுதான்.

விருந்தாளி ஃபோல்டரை மட்டும், உள்ள இருக்கிற ரெண்டு அடைப்புக்குறியோட, நான் இன்னும் அழிக்கல. என் வாழ்நாள்ல நான் எழுதினதுல ஒரு தப்புகூட இல்லாத பைல் அது ஒண்ணுதான்.