கோர்ட்டுக்குப் போன அண்டா

கல்யாணம் பண்ணி வைக்க நாலு ஊரிலிருந்து ஆள் வரும். பிரியப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், சொந்த வீட்டு ஆள்கூடச் செருப்பை மாட்ட மாட்டார். அதனால் என் விவாகரத்தை நானே நடத்தினேன். எட்டாம் வகுப்பில் பெயிலான ஒருத்தி கோர்ட்டு வேலையைத் தானே பார்த்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டியவர்கள் மேலே படிக்கலாம்.

நான் சங்கரன்கோவிலில் தறி வேலை பார்க்கிறேன். அவருக்குப் புளியங்குடி, எலுமிச்சை மண்டியில் ஏலம் கூறுகிற வேலை. (பெயரை எழுதக் கை வரவில்லை. கோர்ட்டாலும் அந்தப் பழக்கத்தைப் பிரிக்க முடியவில்லை.) எங்களுக்குள் சண்டை கிடையாது. பிள்ளை பிறந்தது, பெயர் வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது. அப்புறம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தால் அந்த முகம்தான் தெரிந்தது. நான் அம்மா வீட்டுக்கு வந்தேன். அவர் கூப்பிட வரவில்லை, நானும் போகவில்லை. ரெண்டு வருஷம் அப்படியே ஓடியது. பம்பாயில் வேலைக்கு ஏற்பாடு ஆகிறது, போவதற்கு முன்னால் தீர்த்துவிடலாமா என்று ஆள் விட்டுக் கேட்டார். சரி என்றேன்.

முதலில் ஒரு வக்கீலிடம்தான் போனேன்.

"அடிச்சானா? குடிச்சானா? எதையாவது சொல்லும்மா, மனுவில எழுதணும்லா."

"அதெல்லாம் ஒண்ணும் செய்யலய்யா. நல்லவுகதான்."

"அப்ப எதுக்கும்மா இங்க வந்த?"

எழுந்து வந்துவிட்டேன். செய்யாததைச் செய்ததாகச் சொல்லித்தான் பிரிய வேண்டுமா? டைப் அடிக்கும் கடையில் இருந்த அக்காதான், ரெண்டு பேரும் சம்மதித்துச் சேர்ந்தே மனுப் போடலாம் என்றாள். யாரோ போட்ட பழைய மனுவைப் பார்த்து, பேரை மட்டும் மாற்றி அடித்தும் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டு, திருநெல்வேலி கோர்ட்டில் கொடுத்தோம். ஆறு மாசம் கழித்து வந்து மறுபடியும் சம்மதம் சொன்னால் முடிந்தது என்றார்கள். எனக்கு ஒரே பெருமை. தறியில் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் சட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

வாய்தாவுக்கு முந்தின வாரம் மனுவின் நகலை எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'சீர்ச் சாமான்கள் யாவும் திருப்பித் தரப்பட்டுவிட்டன' என்று இருந்தது. அந்தப் பழைய மனுக்காரிக்குத் திரும்பியிருக்கும். எனக்கு ஒரு கரண்டிகூட வரவில்லையே! கோர்ட்டில் பொய் சொன்னால் மனுவைத் தள்ளிவிடுவார்கள். அவர் அடுத்த வாரம் ரயில் ஏறுகிறார். அப்புறம் எந்தக் காலத்தில் தீருவது?

எங்கள் சொந்தத்தில் தீர்த்துவிடுவது என்றால் ஒரு முறை உண்டு. பெரிய ஆள்கள் முன்னால் ஜமுக்காளம் விரித்து, சீர்ச் சாமானை அதில் வைக்க வேண்டும். பெண் வீட்டார் "எல்லாம் வந்துட்டு" என்று சொன்னால்தான் தீர்ந்தது. கோர்ட்டில் பெரிய ஆள் யார்? ஜட்ஜ். (என் மூளை அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஓடும்.) சாமான் அத்தனையையும் வாய்தாவுக்குக் கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன். அவர் என்னைவிட ரெண்டு வகுப்புக் கம்மி. நம்பிவிட்டார்.

அன்றைக்குக் காலையில் புளியங்குடி பஸ் வந்து நின்றபோது, மேலே பித்தளை அண்டா பளபளவென்று உட்கார்ந்திருந்தது. விளக்கி வேறு வைத்திருந்தார், மனுஷன். குத்துவிளக்கு, குடங்கள், தூக்குச்சட்டி, தாம்பாளம், எல்லாவற்றையும் ரெண்டு பேருமாகத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றினோம்.

"எந்த ஊர்ல அண்ணாச்சி கல்யாணம்?" என்றார் கண்டக்டர்.

"முடிஞ்சுட்டு," என்றார் அவர்.

கோர்ட்டு வாசலில் நின்ற டவாலிச் சேவகர் மறித்தார். "ஏலே, என்னது இது? பாத்திரக்கடையா?" நான் சட்டம் பேசினேன். டவாலி தலையில் அடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பதறிப்போய் அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினோம். வாசற்படியில் என் கால் சேலையில் தட்டியது. அண்டா கையைவிட்டு உருண்டு, உள்ளே இருந்த குடங்களைக் கொட்டிக்கொண்டே போய், ஒரு கறுப்புக் கோட்டுக்காரர் காலடியில் நின்றது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எனக்கு வயசாகிவிட்டது.

"என்னம்மா இதெல்லாம்?" என்றார் ஜட்ஜ்.

"சீர் ஐயா. திருப்பிட்டதா எழுதியிருக்கு. ஆனா திருப்பல. அதான் இப்ப உங்க முன்னாடி..."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு அண்டாவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. எல்லாம் வந்துட்டதாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எந்த மடச்சியும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நான் கீழே உட்கார்ந்து, சிதறிக் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"ஒண்ணு வரல ஐயா."

மறுபடியும் சிரிப்பு. "என்ன வரலை?"

"பால் சங்கு. வெள்ளி. பிள்ளைக்குன்னு எங்கம்மா போட்டது."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சட்டைப் பையில் கைவிட்டு அதை எடுத்தார். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். ஜட்ஜிடம் நீட்டவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஏ பிள்ள, இதை மட்டும் நான் வச்சுக்கிடட்டுமா?"

"வச்சுக்கிடுங்க," என்றேன்.

ஜட்ஜ் ரெண்டு பேரிடமும் தனித்தனியாக, சம்மதம்தானா என்று கேட்டார். சம்மதம் என்றோம். எழுதினார். "சாமானை எடுத்துட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னார், மெதுவாக.

திரும்பி வரும்போதும் அண்டாவை ஏற்றி இறக்கியவர் அவர்தான். எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறப் போய்விட்டார்.

அந்த அண்டாவில் ஒடுக்கு விழுந்த இடம் இன்னும் இருக்கிறது. தெருவில் விசேஷம் என்றால், "கோர்ட்டுக்குப் போன அண்டாவைக் குடுக்கா" என்று கேட்டுத்தான் தூக்கிப் போகிறார்கள். எங்கள் வீட்டு ஆள்கள் எங்கே கிளம்பினாலும், பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூட்டை முடிச்சைப் பார்த்துத் தம்பி கேட்பான்: "எல்லாம் வந்துட்டா?" அம்மாவிலிருந்து தம்பி பெண்டாட்டி வரை ஒரே குரலில் கத்துவார்கள்: "ஒண்ணு வரல ஐயா!"

எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துவது நான்தான்.