மாதாவிடம் போகப் புறப்பட்டு மூன்றாம் மாடியில் இருந்த கதை

பொய்களில் மிகக் கடினமானது, மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லும் பொய். மற்றப் பொய்களுக்கு வாய் மட்டும் போதும். இதற்கு நெஞ்சும் தோளும் தொண்டையும் ஒத்துழைக்கவேண்டும். அப்படியான பொய்யை நான் ஏழு கிழமை, நாள் தவறாமல் சொன்னேன். அதுவும் பெற்ற மகளுக்கு.

பாரிஸின் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்கிறேன். பிறந்தது மன்னார். அங்கே உயரம் என்றால் பனைமரம்தான் (அதிலும் நான் ஏறினதில்லை). மகள் மெலனி இங்கே பிறந்தவள், கிரெனோபிளில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். அவளுக்கு மலை ஏறுவதில் பைத்தியம். இரண்டு வருடமாக ஒரு சிகரத்தையே சொல்லிக்கொண்டிருந்தாள்: இத்தாலிப் பக்கத்தில் இருக்கும் கிரான் பாரடிசோ. நாலாயிரம் மீற்றருக்கு மேல். அதையும் பருவம் தொடங்கும் மே மாதத்திலேயே ஏறவேண்டுமாம். அப்போதுதான் பனி இறுகி, வெடிப்புகள் மூடிக் கிடக்குமாம், சனமும் குறைவாம். வழிகாட்டி பிரிஜித் என்ற பெண். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கயிற்றில் தன்னோடு இரண்டு பேர் வரவேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அந்த நாட்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்.

மெலனியோடு வரவிருந்த தோழி மாசி மாதத்தில் பனிச்சறுக்கப் போய்க் காலை முறித்துக்கொண்டாள். அந்தச் சனி ஞாயிறு வீட்டுக்கு வந்த மகள், சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடியே இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் வாறன்," என்றேன்.

மெலனி நிமிர்ந்தாள். "சத்தியமா, பப்பா?"

தமிழில் கேட்டாள்! பதினைந்து வயதுக்குப் பிறகு அவள் என்னிடம் தானாகத் தமிழில் கேட்ட முதல் கேள்வி அது. அந்த நேரத்தில் அவள் சந்திரனுக்கு வரச் சொல்லியிருந்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டிருப்பேன்.

மனைவி ஜெசிந்தா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, நீங்களோ?" அவ்வளவுதான் கேட்டாள். அதற்குள் ஒரு முழுப் பிரசங்கமே இருந்தது.

மகள் பயிற்சி அட்டவணை எழுதித் தந்தாள். நாங்கள் இருப்பது ஆறாம் மாடி. பத்துக் கிலோ பையை முதுகில் போட்டுக்கொண்டு தினமும் பத்துத் தரம் ஏறி இறங்கவேண்டும். முடித்ததும் அவளுக்குக் குரல் செய்தி அனுப்பவேண்டும். முதல் நாள் உண்மையாகவே ஏறினேன். மூன்றாம் மாடியில் என் முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று பேசி ஒரு முடிவுக்கு வந்தன. இரண்டாம் நாள் லிஃப்டில் ஆறாம் மாடிக்குப் போய் இறங்கி, வாசலில் நின்று, தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன்.

"மகள்... ஹா... பத்துத் தரம்... ஹா... முடிச்சிட்டன்."

உடனே சிவப்பு இதயம் ஒன்று வந்தது. அந்த இதயப் படத்துக்காகத் தகப்பன் எதையும் செய்வான், படி ஏறுவதைத் தவிர. நாளாக ஆக மூச்சு வாங்குவதில் நான் தேர்ந்துவிட்டேன். கிழமைக்குக் கிழமை கொஞ்சம் குறைத்து வாங்கினேன். (முன்னேற்றம் தெரியவேண்டாமோ?)

இது போதாதென்று கடையிலும் வாயைத் திறந்தேன். செல்வராணி அக்கா எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடி. முருங்கைக்காய் வாங்க வந்தவரிடம், "அக்கா, நான் போற மலையின்ரை உச்சியிலை ஒரு மாதா சொரூபம் இருக்குதாம்," என்றேன்.

அக்கா கையில் இருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தார். "என்ன? உச்சியிலை மாதாவோ?"

"ஓம். வெள்ளை மாதா."

"பஸ் மேலை வரைக்கும் போகுமோ?"

சிரித்துவிட்டு, "நீங்களும் வாங்கோவன்," என்றேன். இது வாசலில் நிற்பவரிடம் "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று சொல்வதைப் போன்ற ஒரு சொல். யாரும் உண்மையாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருப்பதில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் வருடா வருடம் பஸ் பிடித்து லூர்துக்குப் போகிறவர்கள். சைவமோ கிறிஸ்தவமோ, மாதா என்றால் எல்லோரும் ஏறுவார்கள். அவர்களிடம் மாதா இருக்கும் இடத்தையும் சொல்லி, வாங்கோ என்றும் சொன்னால் அதற்குப் பெயர் யாத்திரை. இது மண்டையில் உறைக்க எனக்கு இரண்டு கிழமை பிடித்தது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிஜித்தைக் கூட்டிக்கொண்டு மெலனி வந்தாள். ஆளையும் சாமான்களையும் பார்த்துவிட்டுத்தான் அவர் முடிவு சொல்லுவார். மெலிந்த, வெயிலில் கறுத்த மனிசி. மேசையில் வரைபடத்தை விரித்து, குடில் இங்கே, பனியாறு இங்கே என்று தொடங்கினார். மணி அடித்தது.

செல்வராணி அக்கா. கையில் முழங்கை நீளத்தில் இரண்டு மெழுகுதிரி. பின்னால் ஒபர்வில்லியேயில் வாடகை வான் ஓட்டும் ரவி. அவருக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்கச் சனம். பதினாறு பேர் உள்ளே வந்தார்கள். இரண்டு தட்டில் மரக்கறி வைத்துப் பொரித்த பற்றிஸ் வந்தது. ரவி கணக்குக் கொப்பியைத் திறந்தார்.

"அண்ணை, ரெண்டு வான் சொல்லியிருக்கிறன். மாதாவுக்குக் கிட்ட பார்க்கிங் இருக்கோ எண்டு அவவிட்டைக் கேளுங்கோ."

"பூசை எத்தினை மணிக்காம்?"

"மேலை குசினி இருக்கோ? புட்டுப் பானை கொண்டு வரலாமோ?"

"எனக்கு முழங்கால் வருத்தம். சக்கர நாற்காலி தருவினமோ?"

மெலனி ஒவ்வொன்றையும் பிரெஞ்சில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் சுண்ணாம்பாகிக்கொண்டு வந்தது. பிரிஜித் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு ஒரு பற்றிஸை எடுத்துக் கடித்தார். அந்த அதிர்ச்சியிலேயே இரண்டாவதையும் எடுத்தார்.

கடைசியில் அவர் பொறுமையாகச் சொன்னார்: "கயிற்றில் இரண்டு பேர் மட்டும். மெலனி, அவளுடைய அப்பா." என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "உங்கள் செய்திகளை மெலனி எனக்குப் போட்டுக் காட்டினாள். ஏழு கிழமை, ஒரு நாளும் தவறவில்லை. வாருங்கள், ஒருமுறை கீழே இறங்கிச் சேர்ந்து ஏறுவோம். எப்படி நடக்கிறீர்கள் என்று பார்த்தால் போதும்."

எனக்கு இரத்தம் காலுக்கு இறங்கியது. (அங்கேயாவது பயன்படட்டும் என்று நினைத்ததோ தெரியாது.)

முதுகில் பத்துக் கிலோ பை. முன்னால் பிரிஜித், பின்னால் மெலனி, அவளுக்குப் பின்னால் முழு யாத்திரையும். முதலாம் மாடியில் சிரித்தேன். இரண்டாம் மாடியில் சிரிப்பை நிறுத்தினேன். மூன்றாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டேன். ஏழு கிழமை நடித்த மூச்செல்லாம் உண்மையாக வந்தது, அதுவும் வட்டியோடு. கண்ணுக்கு முன்னால் நட்சத்திரங்கள் பறந்தன.

செல்வராணி அக்கா உண்மையான கவலையோடு குனிந்தார். "ஏன் அண்ணை இண்டைக்கு நடந்து வாறியள்? லிஃப்ட் பழுதோ? ஒவ்வொரு நாளும் அதிலைதானே போறனீங்கள்!"

இதை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. மெலனி என்னைப் பார்த்தாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தன் தொலைபேசியை எடுத்து, நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்துவிட்டு, திரும்பப் பைக்குள் வைத்தாள். இரண்டு வருட ஆசை அந்தப் பைக்குள் போனது போல இருந்தது.

பிரிஜித் எனக்குப் பக்கத்தில் படியில் அமர்ந்தார். "ஏறமுடியாதது பிழையில்லை, மிஸ்யோ. ஆனால் மேலே நீங்கள் 'நல்லாயிருக்கிறேன்' என்று சொன்னால் நான் நம்பித்தான் அடுத்த அடி வைப்பேன். அந்தக் கயிற்றில் உங்கள் மகளும் இருப்பாள்."

நான் தலை குனிந்தேன். 

அப்போது கீழே இருந்து ஒரு குரல்: "இஞ்சேருங்கோ, வழியை விடுங்கோ!"

ஜெசிந்தா. இத்தனை பேருக்குத் தேத்தண்ணி போடப் பால் போதாதென்று கடைக்குப் போயிருக்கிறாள். ஒரு கையில் ஆறு போத்தல் பால், மறு கையில் ஆறு போத்தல் தண்ணீர், தோளில் ஐந்து கிலோ சீனி. போகிற போக்கில், "அக்கா, பற்றிஸுக்கு சோஸ் இருக்கோ?" என்று கேட்டபடியே எங்களைத் தாண்டி மேலே போய்விட்டாள். மூச்சில் ஒரு இடறல் இல்லை.

பிரிஜித் எழும்பினார். பின்னாலேயே ஓடினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது (நான் லிஃப்டில்) அவர் ஜெசிந்தாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதாம், ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறுவீர்கள்?"

ஜெசிந்தா யோசித்தாள். "ஆர் எண்ணினது? சென் தெனியிலை ரெண்டு கட்டடம், ஒவ்வொண்டும் எட்டு மாடி, படி கூட்டித் துடைக்கிறது என்ரை வேலை. பிறகு வீடு. இஞ்சை வந்த வருசம் ஒருக்கா லிஃப்டுக்குள்ளை அம்பிட்டனான், அதுக்குப் பிறகு நான் லிஃப்டுக்குள்ளை கால் வைக்கிறேல்லை."

பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். நான் லிஃப்டில் ஏறும்போது, "சும்மா கால் நீட்டி வாறன்" என்பாள். நான் அதை நம்பினேன். அதிலும் பெரிய அதிர்ச்சி, பிரிஜித் அடுத்துக் கேட்ட கேள்வி. அதை மெலனி தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்:

"அம்மா... நீங்கள் வாறீங்களா? என்னோடை?"

அறையில் பற்றிஸ் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. ஜெசிந்தா கையைச் சீலையில் துடைத்தாள். இந்தச் சட்டியை அடுப்பில் வை, அந்தப் பிள்ளைக்கு ஊட்டு என்று எல்லோரும் அவளிடம் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒன்றை ஒருவரும் கேட்டதில்லை.

"குளிருமோ?" என்றாள்.

"ஓம்."

"அப்ப உங்கடை பப்பா மலைக்கெண்டு வாங்கின புது ஜக்கெற்றைத் தாங்கோ."

கதை அவ்வளவுதான். பிரிஜித் இரண்டு தடவை கூட்டிக்கொண்டுபோய்ப் பனியில் நடக்கப் பழக்கினார். மே மாதத்தில் ஏறினார்கள். ரவியின் இரண்டு வானும் வந்தன. அடிவாரக் கிராமத்தில் நாங்கள் பதினேழு பேரும் செபமாலை சொன்னோம், புட்டு அவித்தோம். உச்சியில் இருந்து வந்த படத்தில் வெள்ளை மாதாவுக்குப் பக்கத்தில் என் ஜக்கெற்றுக்குள் என் மனைவி நின்றாள். மெலனி தாயைக் கட்டிப்பிடித்திருந்தாள். நான் அந்தப் படத்தைப் பார்த்து அழுதேன். (வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன் என்றுதான் ரவியிடம் சொன்னேன்.)

இந்த வருடமும் பருவத் தொடக்கத்தில் இன்னொரு மலைக்குத் திட்டம் போட்டுவிட்டார்கள். பிரிஜித் அனுப்பிய படிவத்தைத் தாயும் மகளும் நிரப்பும்போது எட்டிப் பார்த்தேன். ஏறுபவர்கள்: இருவர் பெயர். அதற்குக் கீழே, 'அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர்': என் பெயர்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பதவி. கறிக்கு உப்புக் கூட என்றோ, இந்தப் பாதையால் போவோம் என்றோ வாயைத் திறந்தால் போதும், தாயும் மகளும் ஒன்றாகத் திரும்புவார்கள். மகள் இதை மட்டும் சுத்தத் தமிழில்தான் சொல்கிறாள்:

"பப்பா, இப்ப அவசரம் ஒண்டுமில்லை."