லேசர் சார் ஃபெயிலாக்கிய பதினேழு பேர்

லேசர் சாருக்கு எதிர்ச்சுவரில் அட்டை தெரிந்தது. அதிலிருந்த எழுத்துகள்தான் எறும்பு வரிசையாக ஊர்ந்தன. இந்த லட்சணத்தில் டிரைவிங் லைசென்ஸ் ஆபீசில் கண் டெஸ்ட் எடுப்பவரே அவர்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் லேசர் சிகிச்சை செய்துகொண்டு, பழைய கண்ணாடியை எல்லார் முன்னாலும் குப்பைத்தொட்டியில் போட்ட மகராசன். அன்றிலிருந்து கண்ணாடி போட்ட யாரைப் பார்த்தாலும் "சோடாபுட்டி" என்பார். ஆபீஸ் பதிலுக்கு அவருக்கு வைத்த பேர்தான் லேசர்.

"திரும்ப ஒரு தடவை லேசர் பண்ணிடுங்க டாக்டர்" என்று போய் நின்றார்.

"பவர் கொஞ்சம் திரும்பி வந்திருக்கு. கருவிழி இன்னொரு தடவை தாங்குமான்னு மூணு மாசம் பார்த்துட்டுதான் சொல்ல முடியும். அதுவரைக்கும் கண்ணாடி போடுங்க."

"கண்ணாடியா? அதுக்கு வேற ஆளைப் பாருங்க."

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணு தெரியாம கண் டெஸ்ட் எடுக்கிறீங்கன்னு தெரிஞ்சா வேலையே போயிடும்ங்க."

"தெரிஞ்சாத்தானே?"

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கிளம்பியதும், அட்டையில் மூக்கு முட்ட நின்று முழுசையும் மனப்பாடம் செய்தார். கடைசி வரி: ட, ப, ம, ர.

திங்கட்கிழமை முதல் ஆள் கடைசி வரியைப் படித்தான். "வ, க, ந, ல."

"ஃபெயில். அது கண்ணா, சட்டைப் பொத்தானா?"

அடுத்தவனும் அதையே படித்தான்.

"முன்னால நின்னவனைப் பார்த்துக் காப்பியா? தப்பைக்கூடச் சொந்தமாப் பண்ணத் துப்பில்லை."

லைசென்ஸைப் புதுப்பிக்க வந்திருந்த, பதினோரு வருஷமாக பஸ் ஓட்டும் பெண் ஒருத்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையேதான் படித்தாள். "லைசென்ஸ் போச்சுன்னா என் பொழப்பே போச்சு சார்."

"கண்ணாடியும் போட்டுக்கிட்டு இந்த அழகு. ஃபெயில்."

மதியத்துக்குள் பதினேழு பேர் ஃபெயில். நாடே குருடாகிவிட்டது என்று லேசர் சார் வருத்தப்பட்டார்.

வெளியே கூச்சல் கேட்டு மேலதிகாரி வந்தார். அவரும் சோடாபுட்டிதான். தானே நின்று படித்துப் பார்த்தார். "வ, க, ந, ல. இவங்க சரியாத்தானேய்யா சொல்றாங்க?"

லேசர் சார் பரிதாபமாகச் சிரித்தார். "தப்பா நெனைக்காதீங்க, நீங்களும் ஃபெயில் சார். நம்ம டாக்டர் நம்பர் தர்றேன், பேசாம லேசர் பண்ணிக்குங்க." பிறகு, அட்டைப் பக்கம் திரும்பாமலே ஒப்பித்தார். "ட, ப, ம, ர."

மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"அது பழைய அட்டை சார். பூச்சி அரிச்சிருந்துச்சுன்னு காலையில நான்தான் கழட்டிட்டுப் புதுசை மாட்டினேன்."